வரிச்சலுகையும் வாக்குறுதியும்: அனைத்துலக வணிக விதிகள் சிறிலங்காவின் சட்டங்களை வடிவமைக்கும் விதம்



கொழும்பில் மாறி மாறி ஆட்சிக்கு வந்த அரசாங்கங்கள் ஒரு விடயத்தில் மாத்திரம் ஒரே குரலில் பேசி வந்துள்ளன. சிறிலங்கா இறைமையுள்ள நாடு. அதன் சட்டங்களை அதன் நாடாளுமன்றமே தீர்மானிக்கும். தமிழர் விவகாரத்தில் வெளியார் எவரும் அறிவுரை கூற வேண்டியதில்லை என்பதே அக்குரல். ஆயினும் பிரசெல்சில் எழுதப்பட்ட சுங்கத் தீர்வை ஒழுங்குவிதி ஒன்றின் பின்னிணைப்பிற்காக அதே அரசாங்கங்கள் சட்டம் இயற்றியிருக்கின்றன, சட்டம் திருத்தியிருக்கின்றன, தமது உயர் நீதிமன்றத்திடம் அவசரமாக விளக்கமும் கேட்டிருக்கின்றன. ஜெனீவாவில் நிறைவேறும் தீர்மானங்களை விட, ஒரு சட்டையின் மீது விதிக்கப்படும் 9.6 விழுக்காட்டுத் தீர்வை கொழும்பை விரைவாக அசைத்திருக்கின்றது. அந்த அசைவு எவ்வாறு நிகழ்கின்றது, எந்த இடத்தில் நின்றுவிடுகின்றது என்பதைப் புலம்பெயர் தமிழர் நுணுக்கமாக அறிந்திருத்தல் அவசியம். அத்தீர்வையை விதிக்கும் நாடுகளிலேயே அவர்கள் வாக்காளர்களாக வாழ்கின்றனர்.

அனைத்துலக வணிகத்தின் அடிப்படை விதி, எல்லா நாட்டுப் பொருள்களுக்கும் ஒரே தீர்வை என்பதாகும். இதற்கு விலக்காக, வளர்முக நாடுகளின் பொருள்களுக்குக் குறைந்த தீர்வை விதிக்கலாம் என்ற கோரிக்கை 1968 ஆம் ஆண்டு புதுடில்லியில் நடைபெற்ற ஐ.நா. வணிக மற்றும் அபிவிருத்தி மாநாட்டில் ஏற்றுக்கொள்ளப்பட்டது. 1971 இல் பத்தாண்டுகளுக்கான தற்காலிக விலக்காகத் தொடங்கிய இவ்வேற்பாடு 1979 இல் நிரந்தரமாக்கப்பட்டது. ஜீ.எஸ்.பி. என்று சுருக்கமாக அழைக்கப்படுவது இதுவே. இது ஒப்பந்தத்தால் கிடைத்த உரிமை அன்று; வழங்குபவர் தாமாகவே வழங்கும் சலுகை. ஆகவே வழங்குபவர் நிபந்தனையும் விதிக்கலாம், திரும்பப் பெறவும் செய்யலாம்.

சிறிலங்காவின் ஆடைத் தொழில் வளர்ந்த கதையும் பிறர் எழுதிய விதியின் விளைவே. 1974 முதல் நடைமுறையில் இருந்த பல்லிழை உடன்படிக்கை, எந்த நாடு எவ்வளவு ஆடைகளை மேற்கு நாடுகளுக்கு அனுப்பலாம் என்பதை ஒதுக்கீடுகளால் வரையறுத்தது. ஒதுக்கீடு நிரம்பிவிட்ட கிழக்காசிய முதலீட்டாளர்கள், ஒதுக்கீடு மீதமிருந்த நாடுகளைத் தேடினர். 1977 இல் திறந்த பொருளாதாரத்திற்கு மாறி, 1978 இல் கட்டுநாயக்கவில் சுதந்திர வர்த்தக வலயத்தை அமைத்த சிறிலங்கா அவர்களுக்கு ஏற்ற இடமாயிற்று. 1992 இல் பிரேமதாச அரசாங்கம் இருநூறு ஆடைத் தொழிற்சாலைத் திட்டத்தைக் கிராமங்களுக்குக் கொண்டு சென்றபோது, முதலீட்டாளரைக் கவர்ந்த தூண்டிலும் அந்த ஒதுக்கீடே. 2004 முடிவில் ஒதுக்கீட்டு முறை உலகெங்கும் முடிவுக்கு வந்தது. அதே மாதத்தில் ஆழிப்பேரலையும் தாக்கியது. சீனாவுடன் நேருக்கு நேர் போட்டியிட வேண்டிய நிலையில், ஐரோப்பியச் சந்தையில் தீர்வையின்றி நுழையும் வழியொன்று கொழும்பிற்கு உயிர்நாடியாயிற்று.

அவ்வழி திறந்த விதம் விந்தையானது. போதைப்பொருள் உற்பத்தியை எதிர்க்கும் நாடுகளுக்கு ஐரோப்பிய ஒன்றியம் தனிச்சலுகை வழங்கி வந்தது. 2001 செப்டெம்பருக்குப் பின்னர் எழுந்த அரசியல் சூழலில் பாகிஸ்தானும் அப்பட்டியலில் சேர்க்கப்பட்டது. தனது துணி ஏற்றுமதியாளர்கள் பாதிக்கப்படுவதைக் கண்ட இந்தியா, 2002 இல் உலக வர்த்தக அமைப்பில் வழக்குத் தொடுத்தது. 2004 ஏப்ரலில் மேன்முறையீட்டு அமைப்பு தீர்ப்பளித்தது. வளர்முக நாடுகளிடையே வேறுபாடு காட்டலாம். ஆனால் அவ்வேறுபாடு புறநிலையான அளவுகோல்களின் அடிப்படையில், ஒத்த நிலையிலுள்ள அனைவருக்கும் திறந்திருக்க வேண்டும் என்பது அத்தீர்ப்பின் சாரம். மூடிய பட்டியல் செல்லாததாயிற்று. அதன் இடத்தில் 2005 யூலை முதல் ஜீ.எஸ்.பி. பிளஸ் என்ற ஏற்பாடு வந்தது. மனித உரிமை, தொழிலாளர் உரிமை, சுற்றுச்சூழல், நல்லாட்சி ஆகியன தொடர்பான 27 உடன்படிக்கைகளை ஏற்று நடைமுறைப்படுத்தும் வறிய நாடு எதுவும் விண்ணப்பிக்கலாம் என்பதே புதிய அளவுகோல். முதலில் பயன்பெற்ற நாடுகளில் சிறிலங்காவும் ஒன்று.

புதுடில்லி தனது நெசவாலைகளுக்காகவே வாதாடியது. வெலிக்கடையிலும் பூசாவிலும் விசாரணையின்றி வாடிய தமிழ்க் கைதிகளை அங்கு எவரும் நினைத்திருக்க மாட்டார்கள். இருப்பினும், அந்த வழக்கின் வழியாகவே சித்திரவதைக்கு எதிரான உடன்படிக்கை சிறிலங்காவின் சட்டைகளுக்கும் உள்ளாடைகளுக்குமான தீர்வைப் பட்டியலோடு பிணைக்கப்பட்டது.

உடன்படிக்கைகளில் ஒப்பமிடுவதில் கொழும்பு என்றுமே தயங்கியதில்லை. குடியியல் மற்றும் அரசியல் உரிமைகள் தொடர்பான அனைத்துலக உடன்படிக்கையை 1980 இலும், சிறுவர் உரிமை உடன்படிக்கையை 1991 இலும், சித்திரவதைக்கு எதிரான உடன்படிக்கையை 1994 இலும் அது ஏற்றிருந்தது. அவை உள்நாட்டில் சட்ட வலுப் பெற்றனவா என்பதே கேள்வி. அதற்கான விடையை 2006 செப்டெம்பரில் சிறிலங்காவின் உயர் நீதிமன்றமே சிங்கராசா வழக்கில் வழங்கியது.

மட்டக்களப்புப் பகுதியைச் சேர்ந்த அந்தத் தமிழர் 1993 இல் கைதுசெய்யப்பட்டார். பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் பெறப்பட்ட குற்ற ஒப்புதல் வாக்குமூலத்தைக் கொண்டே அவருக்கு 50 ஆண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. பின்னர் அது 35 ஆண்டாகக் குறைக்கப்பட்டது. வாக்குமூலம் எழுதப்பட்டிருந்தது அவர் வாசித்தறியாத சிங்கள மொழியில். இவ்விசாரணை உடன்படிக்கைக்கு முரணானது என ஐ.நா. மனித உரிமைக் குழு 2004 இல் தீர்மானித்தது. அதை அடிப்படையாகக் கொண்டு அவர் உயர் நீதிமன்றத்தை நாடியபோது, அனைத்துலக உடன்படிக்கை உள்நாட்டுச் சட்டமாக இயற்றப்படாத வரையில் அதற்கு வலுவில்லை என்றும், ஐ.நா. குழுவிடம் முறையிடும் வழியைத் திறந்த 1997 ஆம் ஆண்டின் இணக்கமே அரசியலமைப்பிற்கு முரணானது என்றும் தலைமை நீதியரசர் சரத் என். சில்வா தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது. கைதியின் மனு தள்ளுபடியாயிற்று.

ஆனால் அத்தீர்ப்பைப் பிரசெல்சும் வாசித்தது. உடன்படிக்கை சட்டமே அன்று என நாட்டின் அதியுயர் நீதிமன்றம் கூறிவிட்ட பின்னர், அதனை நடைமுறைப்படுத்துவதாகக் கூறி வரிச்சலுகையைப் புதுப்பிப்பது எவ்வாறு? இச்சிக்கலைத் தீர்க்கவே 2007 ஆம் ஆண்டின் 56 ஆம் இலக்கச் சட்டம், அதாவது ஐ.சி.சி.பி.ஆர். சட்டம், நிறைவேற்றப்பட்டது. உடன்படிக்கையின் உரிமைகளுள் ஒரு சிலவே அதில் இடம்பெற்றன. எஞ்சியவற்றைப் பற்றிக் கேள்வி எழுந்தபோது, 2008 மார்ச்சில் அரசுத்தலைவர் உயர் நீதிமன்றத்தின் கருத்தைக் கோரினார். எல்லா உரிமைகளும் ஏற்கனவே அரசியலமைப்பாலும் ஏனைய சட்டங்களாலும் போதியளவு பாதுகாக்கப்பட்டுள்ளன என்று அதே தலைமை நீதியரசரின் கீழ் நீதிமன்றம் கருத்துரைத்தது. பதினெட்டு மாதங்களில் அரசியலமைப்பு மாறியிருக்கவில்லை. வரிச்சலுகைக்கான அடுத்த விண்ணப்பத்தின் நாள் நெருங்கியிருந்தது.

ஏற்றுமதிக்காக இயற்றப்பட்ட அச்சட்டம் பின்னர் எவ்வாறு பயன்பட்டது என்பதையும் நோக்க வேண்டும். இன, மத வெறுப்பைத் தூண்டுவதைத் தடுக்கும் அதன் 3 ஆம் பிரிவின் கீழ், 2019 ஏப்ரலில் சிறுகதை ஒன்றை எழுதியமைக்காகச் சிங்கள எழுத்தாளர் ஒருவர் கைதுசெய்யப்பட்டார். அதே ஆண்டு மே மாதத்தில், உடையில் அச்சிடப்பட்டிருந்த கப்பற் சுக்கான் தர்மச்சக்கரம் எனக் கருதப்பட்டமையால் முஸ்லிம் பெண் ஒருவர் கைதானார். பிணை வழங்கும் அதிகாரம் மேல் நீதிமன்றத்திற்கே உரியது என்பதால் இத்தகையோர் வாரக்கணக்கில் சிறையில் இருக்க நேர்ந்தது. வெளியாருக்குக் காட்டுவதற்காக எழுதப்படும் சட்டங்கள் வீட்டிலிருப்போருக்கு எதிராகத் திரும்புவது இது முதல் தடவையன்று.

2008 ஒக்ரோபரில், வன்னியில் போர் உக்கிரமடைந்திருந்த வேளையில், ஐரோப்பிய ஆணையகம் விசாரணையைத் தொடங்கியது. கொழும்பு ஒத்துழைக்க மறுத்தது. ஓராண்டின் பின்னர் வெளியான அறிக்கை, மேற்கூறிய மூன்று உடன்படிக்கைகளும் நடைமுறைப்படுத்தப்படவில்லை என முடிவு செய்தது. 2010 பெப்ரவரியில் சலுகையை இடைநிறுத்தும் தீர்மானம் எடுக்கப்பட்டு, ஆறு மாத அவகாசம் வழங்கப்பட்டது. யூன் மாதத்தில் மேலுமொரு வாய்ப்பாக, 15 விடயங்களில் எழுத்துமூல உறுதி தந்தால் காலம் நீடிக்கப்படும் என்று ஆணையகம் அறிவித்தது. உயர் பதவிகளுக்குச் சுயாதீனமான நியமனங்கள் அவற்றுள் ஒன்று. கொழும்பு அதனை இறைமைக்கு இழுக்கு என்று கூறி நிராகரித்தது. ஓகஸ்ட் 15 ஆம் நாள் சலுகை நீங்கியது. செப்டெம்பர் 8 ஆம் நாள், சுயாதீன நியமனங்களை அடியோடு ஒழித்த 18 ஆவது திருத்தம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. இருபத்து நான்கு நாள்களே இடைவெளி.

இங்கே சற்று நின்று கணக்குப் பார்ப்பது பயனுடையது. ஐரோப்பாவில் ஆடைகளுக்கான பொதுத் தீர்வை 12 விழுக்காடு. சாதாரண ஜீ.எஸ்.பி. சலுகையில் அது 9.6 விழுக்காடு, பிளஸ் சலுகையில் தீர்வை இல்லை. ஆகவே 2010 இல் கொழும்பு இழந்தது 9.6 விழுக்காடு. ஆடை ஏற்றுமதி சரிந்துவிடும் என்று அன்று பலரும் எதிர்பார்த்தனர். 2010 இல் 3.4 பில்லியன் டொலருக்கு அண்மித்திருந்த துணி மற்றும் ஆடை ஏற்றுமதி, 2014 இல் 4.9 பில்லியன் டொலராக உயர்ந்தது. உயர்விலை ஆடைகளுக்கு மாறிய பெரிய நிறுவனங்கள் தாக்குப்பிடித்தன. சிறிய தொழிற்சாலைகளுக்கு அந்த வசதி இருக்கவில்லை. போரில் வென்ற மிதப்பில் இருந்த ஆட்சியாளருக்கு அந்தச் செலவு தாங்கக்கூடியதாகவே இருந்தது. நீக்கப்பட்ட பின்னர் சலுகைக்கு எந்த இழுவிசையும் இருக்கவில்லை. அது வலுவோடு இருந்ததெல்லாம் நீக்கப்படலாம் என்ற அச்சம் நிலவிய மாதங்களில் மாத்திரமே.

பின்னைய வரலாறும் இதனையே காட்டுகின்றது. 2015 இல் ஆட்சி மாறியது. பயங்கரவாதத் தடைச் சட்டத்தை மாற்றீடு செய்வதாகப் புதிய அரசாங்கம் உறுதியளித்தது. 2017 மே 19 ஆம் நாள் சலுகை மீண்டது. மீண்ட பின்னர் உறுதிமொழி உறங்கிவிட்டது. 2018 இல் கொண்டுவரப்பட்ட மாற்றுச் சட்டவரைவு நிறைவேறவேயில்லை. 2021 யூன் 10 ஆம் நாள், சலுகையைத் தற்காலிகமாக நீக்குவது குறித்து ஆராயுமாறு ஐரோப்பிய நாடாளுமன்றம் 628 வாக்குகளால் கோரியது. எதிராக விழுந்தவை 15. அதன் பின்னரே கொழும்பு விழித்தது. 2022 மார்ச்சில் வந்த திருத்தம் தடுத்துவைக்கும் காலத்தின் உச்ச எல்லையை 18 மாதங்களிலிருந்து 12 மாதங்களாகக் குறைத்தது. காவற்றுறை அதிகாரியிடம் அளிக்கப்படும் குற்ற ஒப்புதலைச் சான்றாக ஏற்கும் பிரிவை, அதாவது சிங்கராசாவைச் சிறைக்கு அனுப்பிய அதே பிரிவை, அது தொடவில்லை. மூன்றாண்டுகளுக்கு என 1979 இல் இயற்றப்பட்டு, 1982 இல் நிரந்தரமாக்கப்பட்ட சட்டம் இது.

இதே காலத்து மீன்பிடி விவகாரத்தை ஒப்புநோக்கினால் வேறுபாடு தெளிவாகும். சட்டவிரோத ஆழ்கடல் மீன்பிடியைக் காரணம் காட்டி 2015 சனவரி முதல் சிறிலங்கா மீன்களுக்கு ஐரோப்பிய ஒன்றியம் தடை விதித்தது. கடற்றொழிற் சட்டம் திருத்தப்பட்டது, தண்டப்பணம் உயர்த்தப்பட்டது, ஆழ்கடற் கலங்களில் செய்மதிக் கண்காணிப்புக் கருவிகள் பொருத்தப்பட்டன. பதினெட்டு மாதங்களுக்குள், 2016 யூனில், தடை நீங்கியது. மீன் விடயத்தில் முழுத் தடை இருந்தது. எதைச் செய்தால் தடை நீங்கும் என்பது தெளிவாக எழுதப்பட்டிருந்தது. செய்வதால் சிங்கள வாக்குகள் குறையும் என்ற அச்சமும் இருக்கவில்லை. தமிழ்க் கைதிகளின் விடயத்தில் இம்மூன்றுமே நேர்மாறானவை.

தீர்வையை விடவும் ஆழமாக நாட்டின் கொள்கையைத் தீர்மானிப்பது மூலநாட்டு விதி. தீர்வையற்ற நுழைவு பெற வேண்டுமாயின் ஆடையைத் தைப்பது மட்டும் போதாது; துணியும் அந்நாட்டிலோ அனுமதிக்கப்பட்ட அயல்நாடுகளிலோ உருவாகியிருக்க வேண்டும் என்று ஐரோப்பிய விதி கூறுகின்றது. மிகவும் வறிய நாடுகளுக்கு இந்நிபந்தனை 2011 முதல் தளர்த்தப்பட்டது. அதனால் பங்களாதேசம் சீனத் துணியைத் தைத்தும் தீர்வையின்றி அனுப்புகின்றது. சிறிலங்காவால் அது இயலாது. துணியை உள்நாட்டிலேயே உற்பத்தி செய்யும் நோக்குடன் மட்டக்களப்பு மாவட்டத்தின் ஏறாவூரில் துணி உற்பத்திக்கெனத் தனி வலயம் அமைக்கக் கொழும்பு முடிவெடுத்ததற்கு இவ்விதியே பெருங்காரணம். துணிக்குச் சாயமிடும் தொழிலுக்குப் பெருமளவு நன்னீர் வேண்டும். கழிவுநீரை வெளியேற்ற வழியும் வேண்டும். ஏறாவூர் மக்கள் இதில் கேட்க வேண்டிய கேள்விகள் பல உண்டு. அவர்களிடம் எவரும் பிரசெல்சின் விதியைத் தமிழில் விளக்கியதாகத் தெரியவில்லை.

சலுகையை நீக்கக் கோருவதா, நிபந்தனையோடு தொடரக் கோருவதா என்பது புலம்பெயர் அமைப்புகளிடையே நீண்டகாலமாக உள்ள விவாதம். போருக்குப் பின்னர் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் ஆடைத் தொழிற்சாலைகள் திறக்கப்பட்டுள்ளன. கணவனை இழந்த பெண்களும், காணாமல் ஆக்கப்பட்டோரின் மனைவியரும் மகள்மாரும் அங்கே தையல் இயந்திரங்களின் முன் அமர்ந்திருக்கின்றனர். மலையகத் தோட்டங்களிலிருந்து கட்டுநாயக்க சென்ற தமிழ்ப் பெண்களும் உளர். கொழும்பிற்குத் தண்டனை என்று லண்டனிலோ பாரிசிலோ முழங்கப்படுவது, முதலில் இவர்களின் மேலதிக வேலைக் கொடுப்பனவாகவே வெட்டப்படும். 2010 இன் அனுபவமும் இருக்க, நீக்கக் கோரும் முழக்கம் உணர்ச்சிக்கு நிறைவு தரலாம். கைதிக்கோ தொழிலாளிக்கோ அது எதனையும் தரவில்லை. மீளாய்வுக் காலத்தில், குறித்த சட்டப் பிரிவைச் சுட்டி, குறித்த நாளுக்குள் நீக்கக் கோருவதே பயன் தரக்கூடியது.

வரி விதிகளும் இதே பாடத்தை வேறு முகத்தோடு கற்பிக்கின்றன. முதலீட்டைக் கவர்வதற்காகச் சிறிலங்கா பல தசாப்தங்களாக வரி விடுமுறைகளை வழங்கி வந்தது. 2021 மே மாதத்தின் கொழும்புத் துறைமுக நகரச் சட்டம் 40 ஆண்டுகள் வரை விலக்களிக்க இடம் தந்தது. அதே ஆண்டு ஒக்ரோபரில், பெரும் பன்னாட்டு நிறுவனங்களுக்குக் குறைந்தபட்சம் 15 விழுக்காடு வரி என்ற உடன்பாட்டில் 136 நாடுகள் இணைந்தன. கென்யா, நைஜீரியா, பாகிஸ்தான், சிறிலங்கா ஆகிய நான்கும் விலகி நின்றன. விலகி நிற்பதால் பயனில்லை என்பதே இவ்வேற்பாட்டின் நுட்பம். 750 மில்லியன் யூரோவிற்கு மேல் வருமானமுள்ள நிறுவனக் குழுமத்திற்குச் சிறிலங்கா வரி விலக்களித்தால், விட்டுக்கொடுத்த வரியை அக்குழுமத்தின் தலைமையகம் உள்ள நாடு அறவிடலாம். கொழும்பின் சலுகை வேறொரு திறைசேரிக்கான அன்பளிப்பாகிவிடும். வலியவர்க்கு விதி வளைவதும் உண்டு: 2025 யூனில், அமெரிக்கக் குழுமங்களுக்கு இவ்வேற்பாட்டிலிருந்து விலக்களிக்க ஜி-7 நாடுகள் இணங்கின.

நிறுவனங்களிடம் அறவிடப்படாத வரி மக்களிடமே அறவிடப்படுகின்றது. 2019 டிசெம்பரில் வற் வரியை 15 இலிருந்து 8 விழுக்காடாகக் குறைத்த அரசு, 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடன்களைச் செலுத்த இயலாது என அறிவித்தது. 2023 மார்ச்சில் அனைத்துலக நாணய நிதியம் ஏறத்தாழ 3 பில்லியன் டொலர் திட்டத்திற்கு ஒப்புதல் அளித்தது. 2024 சனவரி முதல் வற் வரி 18 விழுக்காடு. உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பின் சுமை வங்கிகளை விடுத்து ஊழியர் சேமலாப நிதியத்தின் மீது வைக்கப்பட்டது. அதில் பங்கேற்க மறுக்கும் ஓய்வூதிய நிதியங்களுக்கு 14 விழுக்காட்டுக்குப் பதிலாக 30 விழுக்காடு வரி என்ற சட்டமும் வந்தது. ஆடைத் தொழிலாளியின் முதுமைக்கால சேமிப்பு அந்நிதியத்திலேயே உள்ளது. நிதியத்தின் திட்டத்தோடு பிணைக்கப்பட்டிருந்த ஊழல் எதிர்ப்புச் சட்டம் 2023 யூலையிலேயே நாடாளுமன்றத்தில் நிறைவேறியது என்பதும் இங்கு குறிப்பிடத்தக்கது. பணத்தின் அடுத்த தவணை காத்திருக்கும்போது கொழும்பால் விரைந்து சட்டம் இயற்ற முடியும்.

அமெரிக்கா 2025 ஏப்ரலில் அறிவித்த 44 விழுக்காட்டுத் தீர்வை, ஓகஸ்டில் 20 ஆகக் குறைந்தது. அப்பேரத்தில் உரிமை உடன்படிக்கைகள் மேசைக்கு வரவில்லை. பிரித்தானியாவின் நிலை வேறு. ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகிய பின்னர், 2023 யூன் முதல் அது தனக்கெனச் சலுகைத் திட்டமொன்றை நடத்துகின்றது. 27 உடன்படிக்கைகளையும் ஏற்றிருத்தல் என்ற நுழைவு நிபந்தனை அதில் இல்லை. பொருளாதார நலிவே போதுமானது. பாரதூரமான உரிமை மீறலுக்காக இடைநிறுத்தும் அதிகாரம் மாத்திரம் அமைச்சரிடம் உள்ளது. ஐரோப்பாவில் தமிழர் மிகுதியாக வாழும் நாடுகளுள் ஒன்றான பிரித்தானியாவில், உரிமை நிபந்தனை ஓசையின்றித் தளர்ந்தபோது அது குறித்து எழுந்த தமிழ்க் குரல்கள் மிகச் சில.

ஒன்றியத்தின் நாடுகளில் வாழ்வோர்க்கு வழி திறந்தே உள்ளது. 2023 முடிவில் காலாவதியாக இருந்த ஐரோப்பிய ஒழுங்குவிதி 2027 இறுதிவரை நீடிக்கப்பட்டது. ஆணையகம் குறித்த கால இடைவெளியில் கண்காணிப்புக் குழுக்களை அனுப்பி, நாடாளுமன்றத்திற்கு அறிக்கை அளிக்கின்றது. 2020 நவம்பர் முதல், ஒன்றியத்தில் வதியும் குடிமக்களும் அமைப்புகளும் சலுகை நிபந்தனைகள் மீறப்படுவது குறித்து நேரடியாக முறையிடத் தனி அலுவலகமொன்றும் உள்ளது. முறைப்பாட்டுக்கு வேண்டியவற்றுள் முக்கியமானவை நான்கு: எந்த உடன்படிக்கை, எந்தப் பிரிவு, என்ன நிகழ்ந்தது, சான்று எது. பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ்த் தடுத்து வைக்கப்பட்டோரின் குடும்பங்களிடம் நான்காவதற்கான தாள்கள் உள்ளன: தடுப்பு ஆணை, நீதிமன்றத் தவணைக் குறிப்பு, சட்ட மருத்துவ அதிகாரியின் அறிக்கை. அவற்றுட் பல சிங்களத்தில் எழுதப்பட்டவை. அவற்றை மொழிபெயர்த்து, நாள்வாரியாக அடுக்கி, படிவத்தின் முதல் மூன்று கேள்விகளோடு பொருத்துவதற்குச் சட்டம் கற்ற இளையோர் பாரிசிலும் பேர்லினிலும் போதுமான அளவில் உள்ளனர்.